இருபத்தேழு புருஷன்மாருக்கு ஒரு கட்டைவிரல்

பழனியாத்தாளைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு வருடம் நாங்கள் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். நான் ஸ்டாஃப் நர்ஸ், பெயர் வெங்கடலட்சுமி. அவர் பிரசவ வார்டு ஆயா. கொங்கு நாட்டுக்காரர்கள் நாய்க்குட்டிக்கும் 'ங்க' போட்டுப் பேசுவோம் என்று நாங்களே பெருமை அடித்துக்கொள்வோம். பழனியாத்தாளை மட்டும் நான் 'வா, போ' என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட அவர் எட்டு வயது மூத்தவர். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம், காரமடைப் பக்கம் சொந்தத் தோட்டம் இருந்தது. அவருடைய அப்பனும் ஆத்தாவும் அப்படிப்பட்ட தோட்டங்களில் பண்ணையத்துக்கு இருந்த கூலியாட்கள். காரணம் அவ்வளவுதான், வேறு மண்ணாங்கட்டி எதுவும் இல்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்திய பிறகுதான் 'வாங்க' என்று சொல்ல எனக்கு நாக்கு வந்தது. இதில் அவர் என்றே எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி பல்லடம் சாலையில் இருக்கும் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரி. ஊர்ப் பெயர் வேண்டாம். சுற்றிலும் விசைத்தறிக் கூடங்களும் கோழிப்பண்ணைகளும். கருவைக் கலைக்க வருகிற பெண்களுக்கு எங்களிடம் ஒரு தாள் உண்டு. ஸ்டென்சில் வெட்டி உருட்டி எடுத்தது. கீழே இரண்டு கோடு. முதல் கோட்டில் பெண்ணின் கையொப்பம், இரண்டாவதில் கணவரின் கையொப்பம். இரண்டாவது கோடு காலியாக இருந்தால் கேஸ் எடுக்க மாட்டோம். "ஊட்டுக்காரர் வந்திருக்காருங்களா?" என்று கேட்பது என் வேலை. 'இல்லீங்க' என்றால், "கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புவதும் என் வேலைதான்.

எந்தப் புருஷன் வருவான்? ஒருவன் கிணறு வெட்டப் பாலக்காட்டுப் பக்கம் போயிருப்பான். ஒருவன் இன்னொருத்தியோடு திருப்பூரில் குடித்தனம் நடத்துவான். ஒருவன் செத்தே போயிருப்பான். மூன்று பெண் பிள்ளைகளுக்குப் பிறகும் நாலாவது பையன்தான் என்று ஜோசியக்காரன் சொன்னதை நம்பிக்கொண்டு, கையெழுத்துப் போட முடியாது என்று வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான் இன்னொருவன். இவர்களையெல்லாம் பிடித்து வரச் சொல்லி, வாந்தியெடுத்துக்கொண்டு நிற்கிற பெண்ணை நான் திருப்பி அனுப்புவேன். வாரம் ஏற ஏறக் காரியம் சிக்கலாகும் என்று தெரிந்தே அனுப்புவேன்.

அந்தப் பெண்கள் கேட்டைத் தாண்டும் முன்னால் பழனியாத்தாள் கூப்பிட்டுவிடுவார். திரும்ப உள்ளே வந்து என் மேசை முன்னால் நின்றுகொண்டு, "சிஸ்டர், இந்த அம்மணியோட ஊட்டுக்காரரு வந்துட்டாருங்க. வேப்பமரத்தடில நிக்கறாரு. பொம்பளை வார்டுக்குள்ள வர வெக்கப்படறாருங்க. கையெழுத்துத் தெரியாதாமா. தாளைக் குடுங்க, ரேகை வாங்கியாறேன்" என்பார்.

எங்கள் பக்கத்து ஆண்கள் பிரசவ வார்டுப் படியை மிதிக்க மாட்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம். பெற்ற குழந்தையையே வாசலில் நின்றுதான் பார்ப்பார்கள். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பழனியாத்தாள் தாளையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு போவார். ஐந்து நிமிடத்தில் திரும்புவார். இரண்டாவது கோட்டில் ஊதா நிறத்தில் ஓர் இடது கட்டைவிரல் ரேகை இருக்கும். டாக்டரம்மா தாளைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், கேஸ் எடுப்பார்.

வேப்பமரத்தடியில் எந்தப் புருஷனும் நிற்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது தொண்ணூற்றிரண்டில். ஒருநாள் அவர் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு வந்தார். சேலையில் ஊதாக் கறை. கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரல் பூராவும் மை. குறுக்கே ஒரு தழும்பு, சின்ன வயதில் சோளத்தட்டு அறுக்கும்போது அரிவாள் பட்டது.

"என்ன பழனியாத்தா இது?"

அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. "என்ற தங்கச்சி மாராத்தா இதே ஆஸ்பத்திரிக்கு மூணு தரம் வந்தாளுங்க சிஸ்டர். நீங்க இங்க வரதுக்கு முந்தி. அவ புருசன் சுப்பையன் கெணத்து வேலைக்குப் போனவன், எங்க இருக்கறான்னே தெரியாது. மூணு தரமும் புருசனைக் கூட்டிட்டு வான்னு தொரத்திப்போட்டாங்க. நாலாவது தரம் வர்லீங்க. கலைக்கறதுக்கு ஊட்லயே எருக்கங்குச்சி வெச்சுக்கிட்டா. ஏழு நாள் காய்ச்சல். அப்பறம் நாங்கதான் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனோம்" என்றார். அழவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு வராந்தாவைக் கழுவப் போய்விட்டார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அதை என் நல்ல மனசு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சொன்னால் எனக்கும் விசாரணை வரும், அதுதான். அதற்கப்புறமும் ஆறு வருடம் அதே மேசையில் உட்கார்ந்து, "ஊட்டுக்காரர் வந்திருக்காருங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவரும் மைப்பெட்டியோடு போய்க்கொண்டே இருந்தார். இடையில் அறிவொளி வகுப்பு வந்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் சிலேட்டோடு அதற்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டார். சம்பளப் பட்டியலில் 'ப. பழனியாத்தாள்' என்று வலது கையால் கையெழுத்துப் போடுவார். இடது கட்டைவிரலை ஊராரின் புருஷன்மாருக்கு விட்டுவைத்திருந்தார்.

தொண்ணூற்றெட்டில் எங்கள் ஒன்றியத்துக்கு ஆர்வமான அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார். கைநாட்டே இல்லாத ஒன்றியமாக ஆக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. வகுப்பு முடிந்த ஊர்களில் இன்னும் யார் கைநாட்டு வைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க எல்லா அரசு அலுவலகத்துக்கும் கடிதம் அனுப்பினார். கடந்த மூன்று வருடத்தில் விரல் ரேகை வைத்தவர்களின் பெயரும் முகவரியும் வேண்டும், தொண்டர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுப்பார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பார்களே, அது இதுதான்.

எங்கள் கிளார்க் சென்னகிருஷ்ணன் கெட்டவர் அல்ல. சொன்ன வேலையைச் சொன்ன தேதிக்கு முன்னால் முடித்துவிடுகிற ஆள். பெயரை ஒத்துப் பார்க்க ரேஷன் கார்டு பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. கருக்கலைப்புத் தாள்களைக் கட்டோடு எடுத்து, இரண்டாவது கோட்டில் ரேகை இருந்த ஆண்களின் பெயரையெல்லாம் ஊர் வாரியாக எழுதி அனுப்பிவிட்டார். இருபத்தேழு பேர். ஒரு வியாழக்கிழமை காலை டீ குடிக்கும்போது, "நம்ம ஆஸ்பத்திரி லிஸ்டுதானுங்க சிஸ்டர் மொதல்ல போச்சு. திங்கக்கெழமையே அனுப்பிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார்.

பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த பழனியாத்தாள் நிமிர்ந்தார். "மயிலாத்தா ஊட்டுக்காரர் அப்புசாமி பேரும் போயிருக்குதுங்களா?"

"ஆமா, பதினொண்ணாவது பேரு."

மயிலாத்தாள் விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றுகிறவள். தறிக்கு வேண்டிய நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுக்கிற வேலை. மூன்று பெண் குழந்தைகள். இரண்டு மாதத்துக்கு முன்னால் நாலாவது கருவோடு வந்தாள். நான் முன்பு சொன்ன ஜோசியக்காரனை நம்புகிற ஆள் அவள் புருஷன்தான். கேட்காமல் வந்ததற்கே அடிப்பான் என்றாள். பழனியாத்தாள் வழக்கம்போல வேப்பமரத்தடிக்குப் போய் வந்தார். ஆனால் அந்த அப்புசாமி தறிக் கூடத்தில் ஃபிட்டர். எட்டாவது பாஸ். இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவான். அது எங்கள் யாருக்கும் அன்றைக்குத் தெரியாது, மயிலாத்தாளுக்கு மட்டும்தான் தெரியும். பயத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை. பின்னால் ஒருநாள் வார்டில் மாத்திரை வாங்க வந்தபோதுதான் பழனியாத்தாளிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த வியாழக்கிழமை, லிஸ்டு போய்விட்டது என்று கேட்டதும் பழனியாத்தாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "போய்ட்டு வந்தர்றனுங்க சிஸ்டர்" என்று சொல்லி யூனிஃபாரத்தோடு பஸ் ஏறிவிட்டார். நானும் போயிருக்கலாம். வார்டில் மூன்று பிரசவம் இருந்தது என்று இன்றைக்கும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

அவர் போய்ச் சேர்ந்தபோது காரியம் முடிந்திருந்தது. காலையிலேயே ஓர் அறிவொளித் தொண்டர், பாவம், காலேஜில் படிக்கிற பெண், சிலேட்டும் பலப்பமுமாக அப்புசாமி வீட்டுக்கு வந்திருக்கிறது. "ஏனுங்ணா, ஆஸ்பத்திரியில நீங்க கைநாட்டு வெச்சிருக்கறீங்க. வெக்கப்படாதீங்க, பத்தே நாள்ல கையெழுத்துப் போட வெச்சிடறோம்" என்று சொல்லியிருக்கிறது. அவன் எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி என்று கேட்டிருக்கிறான். அந்தப் பெண் லிஸ்டைப் பார்த்துத் தேதியைச் சொல்லியிருக்கிறது. அதற்கு மேல் அவனுக்குக் கணக்குப் போடத் தெரிந்துவிட்டது.

பழனியாத்தாள் மயிலாத்தாளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு மத்தியானம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். வலது முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. உதடு கிழிந்திருந்தது. எக்ஸ்ரே எடுத்தோம், மாவுக்கட்டுப் போட்டோம். அவள் புருஷனின் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கையை முறிக்க அவன் யாரிடமும் தாள் வாங்கவில்லை, முறிந்த கையைக் கட்டவும் தாள் தேவைப்படவில்லை. அந்தக் கட்டு காய்கிறவரை அவள் பக்கத்தில் நின்றேன்.

அடுத்த வாரம் அப்புசாமி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து மனுக் கொடுத்தான். அந்த மனுவை நான் படித்தேன். அதில் முதல் புகார் என்ன தெரியுமா? எட்டாம் வகுப்பு தேறிய தன்னை எழுத்தறிவில்லாதவன் என்று அரசு ஆவணத்தில் காட்டி மானத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்பது. மனைவி, கரு எல்லாம் இரண்டாவது பத்தி. உடைந்த கை எந்தப் பத்தியிலும் இல்லை.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். இருபத்தேழு தாளையும் மேசைமேல் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இருபத்தேழு ரேகைக்கும் குறுக்கே ஒரே தழும்பு. பழனியாத்தாளைக் கூப்பிட்டார். நான் சாட்சியாக ஓரத்தில் நின்றேன்.

"இதெல்லாம் யார் வெச்சது?"

"நாந்தானுங்க."

"இருபத்தேழு பேருக்குப் புருஷன் நீதானா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

பழனியாத்தாள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "நீங்க புருசன் கையெழுத்துக் கேட்டீங்க. புருசனுக வர்லீங்க. கையெழுத்து வர்ற வரைக்கும் வவுத்துல இருக்கறது வளராம நிக்குமுங்களா? அதான் வெச்சுப்போட்டேன்."

"போலி ரேகை வைக்கிறது குற்றம்னு தெரியுமா?"

"தெரியுமுங்க."

அன்றே அவரைத் தற்காலிகமாக நீக்கினார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. இந்தக் கையெழுத்தைக் கேட்கச் சொன்னது யார் என்று பார்ப்போமே என்று ஸ்டோர் ரூம் பீரோவைக் குடைந்தேன். பழைய ரிஜிஸ்டர்களுக்கு அடியில் கரையான் அரித்த சின்ன இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடைத்தது. எழுபத்தொன்றாம் வருடக் கருக்கலைப்புச் சட்டமும் அதன் விதிகளும். நர்ஸிங் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். பதினெட்டு வயது நிறைந்த, சுயபுத்தியுள்ள பெண்ணாக இருந்தால் அவள் சம்மதம் போதும். சம்மதப் படிவத்தில் ஒரே ஒரு கையொப்பம், அவளுடையது. புருஷன் என்ற பேச்சே அதில் இல்லை. இரண்டு முறை படித்தேன், மூன்று முறை படித்தேன். இல்லை.

பன்னிரண்டு வருடம் நான் கேட்ட கேள்வி சட்டத்திலேயே கிடையாது. யாரோ ஒரு காலத்தில், வம்பு வந்தால் தப்பிக்கலாம் என்று ஸ்டென்சிலில் ஒரு கோட்டைச் சேர்த்திருக்கிறான். அந்தக் கோட்டுக்காக மாராத்தாள் செத்தாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். அந்தப் பூசாரி நான்தான். அன்று அந்த ஸ்டோர் ரூமில் என் தலையிலேயே அடித்துக்கொண்டேன்.

அதே புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. கருக்கலைப்புப் பதிவேடு ரகசியமானது, அதிலுள்ள விவரம் வெளியே போகக் கூடாது. பெயர்களை எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பிய ஆஸ்பத்திரியில் அதற்காக ஒருவருக்கும் மெமோ வரவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றியவருக்குத்தான் வேலை போனது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டுபோய் விசாரணை அதிகாரியிடம் காட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "சட்டம் ஒண்ணு, நடைமுறை ஒண்ணும்மா. நாளைக்குப் புருஷன் ஆள் கூட்டிட்டு வந்தா யார் பதில் சொல்றது? சட்டத்தைத் திருத்தப் போறாங்களாம். கோயமுத்தூர்ல கருத்துக் கேக்கறாங்க, அங்க போய்ச் சொல்லுங்க" என்றார்.

போனேன். தொண்ணூற்றொன்பது தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை. பழனியாத்தாளையும் கூட்டிக்கொண்டு போனேன். சிங்காநல்லூரில் இறங்கி டவுன் பஸ் மாறும்போது, "சட்டத்தையே திருத்தறவங்க வராங்களாமா சிஸ்டர்? அப்ப நம்ம சொல்றது அவியளுக்கு ஏறுமுங்க" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அரங்கில் முப்பது நாற்பது பேர். டாக்டர்கள், வக்கீல்கள், அதிகாரிகள். எந்த ஆஸ்பத்திரிக்கு அனுமதி தருவது, அந்த அனுமதியை மாநிலத் தலைநகரம் தருவதா மாவட்டமே தருவதா, படிக்காதவர்கள் செய்தால் எத்தனை வருட தண்டனை என்று மத்தியானம்வரை பேசினார்கள். எல்லாம் வேண்டிய விஷயம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி மேசைமேல் கால் விரித்துப் படுத்தவள் ஒருத்தியைக்கூட அங்கே கூப்பிட்டிருக்கவில்லை. கடைசியில் வேறு யாருக்காவது கருத்து உண்டா என்றார்கள். நான் எழுந்தேன்.

"புருஷன் கையெழுத்து இல்லைன்னா எங்க ஆஸ்பத்திரியில பொம்பளைகளைத் திருப்பி அனுப்பறோமுங்க. எங்க ஆஸ்பத்திரி மட்டும் இல்லீங்க, விசாரிச்சுப் பாத்தா பல இடத்துல அப்படித்தான். திருத்தற சட்டத்துல, அப்படிக் கேட்டா குத்தம்னு ஒரு வரி சேக்கணுமுங்க" என்றேன்.

தலைமை வகித்த பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்கள் சொல்வது சரிதான் சகோதரி. ஆனால் கணவர் கையெழுத்து வேண்டும் என்று சட்டத்தில் எங்குமே இல்லையே. இல்லாத ஒன்றை எப்படித் திருத்துவது? ஆக, அந்த விஷயத்தில் திருத்தம் தேவைப்படவில்லை. அடுத்த கருத்து?" என்றார். குறிப்பெடுப்பவர் பேனாவைக்கூடத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை நான் டியூட்டிக்கு வந்தபோது மேசைமேல் புதுத் தாள்கட்டு இருந்தது. இரண்டாவது கோடு அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சதுரம், 'கணவர் புகைப்படம்'. கீழே, 'கணவர் நேரில் வர வேண்டும், விரல் ரேகை ஏற்கப்படாது'. சட்டத்தைத் திருத்த வருடக்கணக்காக யோசிக்கிறார்கள். எங்கள் தாளைத் திருத்த யாரும் யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. அன்று முதலாவதாக வந்த பெண்ணிடம், "உங்க கையெழுத்து மட்டும் போதுமுங்க" என்றேன். இரண்டாவது கோட்டைப் பேனாவால் அடித்து டாக்டரம்மாவிடம் புத்தகத்தோடு கொடுத்தேன். அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கேஸை எடுத்தார், அடுத்ததை எடுக்கவில்லை. எனக்கு இதுவரை இரண்டு மெமோ வந்திருக்கிறது. மூன்றாவதும் வரட்டும்.

மார்ச்சில் பழனியாத்தாளுக்கு உத்தரவு வந்தது. நிரந்தர வேலை நீக்கம், பென்ஷன் கிடையாது. நானே எடுத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டில் மயிலாத்தாள் குழந்தைகளோடு இருந்தாள். கோழிப்பண்ணை வேலைக்குப் போய்க்கொண்டு அங்கேயே தங்கியிருந்தாள். வலது கை இன்னும் முழுதாக மடங்கவில்லை.

"இப்பிடி வாங்க பழனியாத்தாக்கா, உக்காருங்க, இதைப் படிச்சுச் சொல்றேன்" என்றேன். வேண்டாம் என்று அவரே வாங்கி, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். 'கணவர்களின் ஒப்புதலைப் போலியாக இட்ட குற்றத்துக்காக' என்ற வரியில் விரல் நின்றது. அதே வரியை இன்னொரு முறை படித்தார்.

"ஏனுங்க சிஸ்டர், அந்தக் கையெழுத்துச் சட்டத்துல எங்கியுமே இல்லீன்னு அன்னைக்கு அந்தப் பெரியவரு சொன்னாருங்களே. இல்லாத ஒண்ணை நா எப்படிங்க போலியாப் போட்டிருக்க முடியும்?"

மேல்முறையீட்டு மனுவில் அந்தக் கேள்வியை அப்படியே முதல் வரியாக எழுதினேன். அவர் கீழே கையெழுத்துப் போட்டார். அனுப்பி ஏழு மாதமாகிறது, பதில் வரவில்லை.